கக்கத்துச் சோறு

பள்ளிக்கூடத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கடைசி வாங்கில் இருந்தேன். வாத்தியார் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலையும் விழுங்கிவிடுவேன். உங்களில் எத்தனை பேருக்கு என் முகம் நினைவிருக்குமோ தெரியாது. போன மலரில் நீங்கள் எழுதியவற்றை மெதுவாக எழுத்துக் கூட்டி எல்லாம் படித்தேன். கொம்பவுண்டரின் நாய்ப்பட்டியைப் பற்றிச் சிலர் ஆசையாக எழுதியிருந்தீர்கள். அங்கே எடுத்த நாய் வீட்டை எப்படிக் காத்தது, கூலி வேலைக்கு வரும் தோட்டக்காட்டுச் சனத்தைக் கண்டால் எப்படிப் பாய்ந்து விழுந்தது என்று ஒருவர் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தார்.

அந்த நாய்கள் அப்படிப் பாயப் பழகியது எப்படி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருந்தது ஒட்டுசுட்டானுக்கு அப்பால், குளத்து வாய்க்கால் தேய்ந்து முடிகிற இடத்தில். நீங்கள் தோட்டக்காட்டார் என்றது எங்களைத்தான். எழுபத்தேழில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் எங்கள் சனத்தை அடித்து விரட்டியபோது என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்ததாக அப்பா சொல்வார். காட்டோரம் வெட்டித் துப்புரவாக்கிய துண்டில் ஒரு குடில் போட்டோம். வாய்க்காலின் தலைப்பில் உங்கள் கல்வீடுகளும் வயல்களும் இருந்தன. உங்கள் அப்பாமார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்தவர்கள். அந்த வயல்களில் என் அப்பா வரம்பு கட்டினார், அம்மா களை பிடுங்கினாள். வகுப்பில் மட்டும்தான் நீங்களும் நானும் ஒரே கூரைக்குள் இருந்தோம்.

கொம்பவுண்டரை உங்களுக்கு நினைவிருக்கும். மிருக வைத்தியசாலையில் மருந்து கலக்கிக் கொடுத்து ஓய்வுபெற்றவர். கலியாணம் கட்டாதவர். டெற்றோல் மணக்கும் வெள்ளை வேட்டி. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம் பங்குனியில் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பிள்ளை விசர்நாய் கடித்துச் செத்தது. அதற்குப் பிறகு, வீட்டு நாய் என்று காட்டும் தகடு கழுத்தில் இல்லாத நாய்களைக் கொல்லக் கிராம சபை ஆள் வைத்தது. ஒரு டிராக்டர் வரும். இரண்டு பேர் நஞ்சு தடவிய இறைச்சித் துண்டுகளை வாளியில் கொண்டுவந்து தெருத்தெருவாக எறிவார்கள். பின்னால் வரும் ஒருவர் விழுந்த நாய்களைக் காலில் பிடித்து டிராக்டர் பெட்டிக்குள் வீசுவார்.

கொம்பவுண்டரால் அதைப் பார்க்க முடியவில்லை. சபையோடு பேசி ஓர் இணக்கத்துக்கு வந்தார். தெருநாய்களைப் பிடித்துத் தன் வளவில் அடைத்து, ஊசி போட்டு, வீடு பார்த்துக் கொடுப்பார். அடுத்த முறை டிராக்டர் வரும்போது பட்டியில் மிஞ்சி நிற்பது சபைக்கு. வீடு கிடைத்தால் உயிர், கிடைக்காவிட்டால் வாளி. பட்டியில் எல்லாமே அந்த ஒரு கணக்கில்தான் நடந்தது.

அப்பா அங்கே வேலி அடைக்கப் போனபோது நானும் போனேன். ஒரு கறுப்புப் பெட்டை நாய் எவரையும் கிட்ட விடாமல் மூலையில் கிடந்தது. கொம்பவுண்டர் வைத்த சோற்றைத் தொடவில்லை. நான் எனக்குக் கொண்டுவந்த சோற்றில் ஒரு உருண்டை பிடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்குத் தடி எடுத்துக் கொடுத்தேன். உருண்டை நன்றாக வேர்த்த பிறகு அதன் முன்னால் போட்டேன். தின்றுவிட்டு என் காலடியில் வந்து படுத்தது.

"என்னடா குடுத்தனீ உதுக்கு?" என்றார் கொம்பவுண்டர்.

"சோறுங்க."

"சோறு நானும்தான் குடுத்தனான். திரும்பியும் பாக்கேல்ல."

"கக்கத்துல வச்சுக் குடுத்தேங்க. அம்மா சொல்லிக் குடுத்தது. நம்ம வேர்வ உள்ள போச்சுன்னா அது நம்மள விட்டுப் போகாதுங்க."

அவர் சிரித்தார். "இஞ்ச நான் ஊசி, மருந்து எண்டு திரியிறன். இவன் கக்கத்துக்க வைச்சு அலுவலை முடிக்கிறான்," என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவும் சிரித்தார். எங்கள் ஆட்கள் உங்கள் பெரியவர்களோடு சேர்ந்து சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் பட்டிக்குப் போகலானேன்.

நாய்களுக்குக் குறுணல் அரிசி அவியும். எங்கள் வீட்டு அரிசியைவிட அது வெள்ளை. பானையின் அடியில் பிடித்ததை நான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று கொம்பவுண்டர் சொல்லியிருந்தார். அதை அம்மா தண்ணீர் விட்டுக் கரைத்து உப்புப் போட்டுத் தருவாள். இன்றைக்கும் சோறு தீயும் வாசனை வந்தால் எனக்கு நாய்களின் ஈர மயிர் மணமும் சேர்ந்து வருகிறது.

நாய்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. "பேர் வைச்சா குடுக்க மனம் வராது." நான் ஒன்றுக்கு மட்டும் வைத்தேன். யாரோ சுடுதண்ணீர் ஊற்றி முதுகு வெந்துபோன குட்டி. முல்லைத்தீவு பஸ் நிற்கும் இடத்தில் கிடந்ததைச் சாக்கில் போட்டுத் தூக்கிவந்தோம். வேகாத இடத்து மயிர் எங்கள் வீட்டில் குடிக்கும் பாலில்லாத தேத்தண்ணியின், சாயத்தண்ணியின், நிறம். நான் அதைச் சாயம் என்று கூப்பிட்டேன், கொம்பவுண்டர் இல்லாத நேரத்தில். புண்ணுக்கு நான்தான் களிம்பு தடவினேன். தடவும்போது முனகும், ஆனால் கையை எடுத்தால் மூக்கால் கையைத் தள்ளித் திரும்ப முதுகுக்குக் கொண்டுபோகும்.

மாலையில் கொம்பவுண்டர் குடையோடு முன்னால் போக, நான் நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் அவர் பேசுவார். நான் தெருவில் நிற்பேன்.

"கோழி பிடிக்குமோ?" என்று ஒரு வீட்டு அம்மா கேட்டது நினைவிருக்கிறது.

"இல்லைப் பிள்ளை, கோழியைத் திரும்பியும் பாராது."

"எலி பிடிக்குமோ?"

"எலியும் பிடிக்காது."

"பிறகென்ன, எங்கட வீட்டு மனிசன் மாதிரி ஒண்டு. தின்னுறதுக்கு ஒராள் இருக்கிறார் தானே."

அப்படிச் சொன்னாலும் எடுத்தார்கள். அந்த முறை டிராக்டர் வந்தபோது பட்டி ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. கொம்பவுண்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படலையில் நின்று சபைக்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்தார்.

பிறகு நாய்கள் திரும்பி வரத் தொடங்கின.

முதலில் வந்தவர் மில்காரர். நெல் குற்றும் மில் வைத்திருந்தவர். கறுப்புப் பெட்டையைக் கயிற்றோடு இழுத்துவந்து படலைக் கட்டையில் கட்டினார்.

"இந்தாரும் உம்மட நாய். களவெடுக்க வாறவனுக்கு வாலை ஆட்டிற நாய் எனக்கென்னத்துக்கு?"

"ஆருக்கு வாலை ஆட்டினது?"

"ஆருக்கோ? மூட்டை தூக்க வாற தோட்டக்காட்டாருக்குத்தான். முன்னால போய்ப் படுத்து வயித்தைக் காட்டுது. என்ர மனிசியைக் கண்டால் உறுமுது. இரவில அவங்கள் வந்து மூட்டையைத் தூக்கினால் இது வழிகாட்டும்."

அதே கதையைத்தான் மற்றவர்களும் சொன்னார்கள். பட்டியில் அந்த நாய்கள் தின்றது என் கக்கத்துச் சோறு. கேட்டது 'வாங்க, போங்க' என்ற எங்கள் பேச்சு. என் சட்டையில் இருந்தது காட்டு விறகு எரிகிற எங்கள் குடில்களின் புகை. அவற்றுக்கு வீட்டு ஆட்கள் என்றால் எங்கள் சனம்தான். உங்கள் வீடுகளுக்கோ எங்கள் சனத்தைக் கடிக்கத்தான் நாய் தேவைப்பட்டது. நாய் எடுக்கும்போது எவரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. அதனால் கொம்பவுண்டருக்கும் தெரிந்திருக்கவில்லை.

திரும்பி வந்தவற்றை அடுத்த முறை டிராக்டர் எடுத்துப்போனது. கறுப்புப் பெட்டை இறைச்சியை வாயில் எடுத்துவிட்டு, எங்கே வைத்துத் தின்னலாம் என்று கேட்பதுபோல என்னிடம் கொண்டுவந்தது. சபைக்காரர், "தள்ளி நில் தம்பி, காலைக் கீலைக் கடிச்சிடும்," என்றார். அது என் காலடியில்தான் இழுத்து இழுத்துச் செத்தது. சாயத்தின் கழுத்தில் கொம்பவுண்டர் தன் வீட்டு நாயின் தகட்டைக் கட்டிக் காப்பாற்றினார். அவருடைய கிழட்டு நாயை அலுமாரிக்குப் பின்னால் மறைத்துவைத்தார். டிராக்டர் போனதும், "அடுத்த முறை இப்பிடிச் செய்ய ஏலாது," என்றார்.

அவர் இரக்கமில்லாதவர் அல்ல. நாய்களுக்காகச் சாப்பிடாமல் இருந்தவர். அந்த இரக்கத்தோடுதான் ஒரு வழியை யோசித்துக்கொண்டு எங்கள் குடிலுக்கு வந்தார். அப்பா பெட்டியைக் கவிழ்த்து உட்காரக் கொடுத்தார்.

"உன்ர பொடியன்தான் உதுகளைப் பழக்கினவன். அவனேதான் மாத்திப் பழக்க வேணும்," என்றார் கொம்பவுண்டர்.

"என்னாங்க செய்யணும்?"

"குடுக்கிறதுக்கு முதல் ஒவ்வொண்டுக்கும் கட்டி வைச்சு அடிக்க வேணும். உங்கட ஆள் ஒருத்தன்தான் அடிக்க வேணும். அப்பத்தான் உங்கட ஆக்களைக் கண்டால் குரைக்கும். சோத்துக்க மிளகாய்த்தூள் வைச்சுக் குடுக்க வேணும். அப்பத்தான் உங்கட கையால தின்னாது."

அப்பா அடுப்படிப் பக்கம் பார்த்தார். அம்மா அடுப்படியில் இருந்தபடி, "நாயி எங்களக் கடிக்கறதுக்கு நாங்களே பழக்கணுமா சாமி?" என்றாள்.

"நஞ்சு திண்டு சாகிறதை விட உது நல்லதுதானே," என்றார் கொம்பவுண்டர். கண் கலங்கியிருந்தது. "நான் என்ன, ஆசைக்கோ கேக்கிறன்?"

"நீங்க சொன்னா சரிங்க ஐயா," என்றார் அப்பா.

அவர்கள் மூவரையும் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கொம்பவுண்டர் மில்காரரிடம் போய் எங்களைக் கடிக்கிற நாய் உனக்கு எதற்கு என்று கேட்டிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்குத் தோன்றியிருக்கும், வாய் வந்திருக்காது.

பூவரசந் தடி ஒன்றைக் கொம்பவுண்டரே வெட்டிச் சீவித் தந்தார். பிடிக்கிற இடத்தில் என் கை நோகாதபடி துணி சுற்றியிருந்தார். தூள் இடித்தது அம்மா. நான் வழக்கம்போல உருண்டை பிடித்து, நடுவில் தூளை வைத்து மூடி, கக்கத்தில் வைத்திருப்பேன். மணம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று கொம்பவுண்டர் சொல்லியிருந்தார். நாய் அதை நம்பி ஒரே வாயில் விழுங்கும். பிறகு தலையை உதறி, வாயை மண்ணில் தேய்த்து, நுரை கக்கும். அந்த நேரத்தில் நான் தடியால் அடிக்க வேண்டும். மற்ற நாய்கள் சீக்கிரம் படித்துக்கொண்டன. ஒரு கிழமைக்குள் என்னைக் கண்டால் கயிறு அறுகிற மாதிரிப் பாய்ந்தன. ஒவ்வொன்றாக உங்கள் படலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றைத்தான் நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

சாயம் மட்டும் படிக்கவில்லை. மிளகாயைத் தின்று கண்ணீர் வடிய நிற்கும். அடித்தால் வெந்த முதுகைத் தரையோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்து வரும். தடியைக் கீழே போட்டதும் கையை நக்கும். நாக்கிலிருந்த தூள் என் கையில் எரியும். அடுத்த நாளும் உருண்டையை அதே ஆவலோடு வாங்கும்.

"இண்டைக்கும் படிக்கேல்லையே?" என்று கொம்பவுண்டர் ஜன்னலால் கேட்பார்.

"இல்லீங்க."

"டிராக்டர் வாறத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் தம்பி. நீ தடவிற மாதிரி அடிக்கிறாய். புண்ணிருந்த இடம் ஒண்டு இருக்கெல்லே, அதில அடி."

ஆறிய முதுகில் அடித்தேன். புதுத் தோல் கிழிந்தது. சாயம் கத்தவில்லை. எழுந்து நின்றது. என்னை ஒருமுறை பார்த்தது. பிறகு பல்லைக் காட்டிக்கொண்டு தடி மேல் பாய்ந்தது. தடியைப் பிடுங்கிப் போட்டு, கடித்து, உதறியது. கொம்பவுண்டர் வெளியே ஓடிவந்தார்.

"சரி, சரி. இது தப்பிச்சுது," என்று என் தலையைத் தடவினார். மடியிலிருந்து ஒரு தோடம்பழ இனிப்பு எடுத்துத் தந்தார். நான் அதை வாயில் போட்டேன். புளிப்பாகவும் இனிப்பாகவும் இருந்தது.

சாயத்தை எடுத்தவர் மில்காரர். எடுக்க முன் சோதித்துப் பார்த்தார். அப்பாவைத் தெருவால் நடந்து போகச் சொன்னார். சாயம் பாய்ந்த பாய்ச்சலில் படலைக் கட்டை ஆடியது. "உது நாய்," என்றார் மில்காரர். ஜிம்மி என்று பெயர் வைத்து, நெல் மூட்டைக் கொட்டிலுக்கு முன்னால் இருப்புச் சங்கிலியில் கட்டினார். கழுத்துக்கு மினுங்கும் தகடு வந்தது. டிராக்டர் வந்தது, தகட்டைப் பார்த்தது, போனது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கண்டு சாயம் தொண்டை கிழியக் குரைத்தது. குரைக்கக் குரைக்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனி மாதம் தவிடு வாங்கப் போன அம்மாவின் கெண்டைக்காலை அது கடித்தது. மில்காரரின் மனைவி கடிவாயில் வைக்கக் கோப்பித்தூள் கொடுத்தாள். "உன்னை ஆர் கிட்டப் போகச் சொன்னது?" என்று பேசியும் அனுப்பினாள். அம்மா நொண்டிக்கொண்டு வந்து குடிலில் உட்கார்ந்தாள்.

"சாயந்தானா?" என்று கேட்டேன்.

"ஆமா. நல்லாத்தான் வச்சிருக்காங்க. கொழுத்துப் போயிருக்கு," என்றாள்.

கச்சான் காற்று அடித்து வயல்கள் வெடித்துக் கிடந்த ஆவணியில் ஆமியின் ஹெலிகொப்டர் வந்து குளத்துக் கட்டுப் பக்கம் சுட்டது. அடுத்த நாள் விடிய உங்கள் வீடுகளுக்கு முன்னால் டிராக்டர்கள் நின்றன. கதிரை, பெட்டி, தையல் மெஷின், கோழிக்கூடு எல்லாம் ஏறின. சிலர் முள்ளியவளைக்கும் மற்றவர்கள் யாழ்ப்பாணத்துக்கும் போனீர்கள். எங்களுக்குப் போக ஊர் இல்லை, ஏற டிராக்டரிலும் இடம் இல்லை. அப்பா மில்காரரின் மூட்டைகளை ஏற்றிக் கொடுத்தார். ஏற்ற முடியாதவை கொட்டிலில் மிஞ்சின.

"இரண்டு நாளில வந்திடுவம்," என்றார் மில்காரர் டிராக்டரில் இருந்தபடி. "மில்லுக்க ஒருத்தரும் கால் வைக்கேலாது. நாய் நிக்குது. தெரியும்தானே?"

"தெரியுங்க ஐயா," என்றார் அப்பா.

கொம்பவுண்டர் போகும்போது பட்டியின் கூடுகளைத் திறந்துவிட்டுப் போனார். உங்கள் வீடுகளில் கயிற்றில் நின்றவை கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு காட்டுக்குப் போயின. சாயம் நின்றது இருப்புச் சங்கிலியில்.

இரண்டு நாளில் எவரும் வரவில்லை. மில் பக்கமிருந்து குரைப்பு கேட்டபடியே இருந்தது. வாய்க்காலை முன்பே மூடிவிட்டிருந்தார்கள். மண்ணில் தோண்டிய எங்கள் பூவலில் ஊறுகிற தண்ணீரில் ஒரு வாளி எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் போனோம். சாயத்தின் தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. எங்களைக் கண்டதும் சங்கிலி முறுகப் பாய்ந்தது. பாய்ந்து கழுத்தில் இழுபட்டு விழுந்து, திரும்பவும் பாய்ந்தது.

அப்பா சிரட்டையில் தண்ணீர் வார்த்து, நீளமான கம்பால் மெதுவாகத் தள்ளிக் கொடுத்தார். சாயம் தண்ணீரைப் பார்க்கவில்லை. கம்பைப் பார்த்தது. பாய்ந்து கம்பைக் கவ்வி உதறியது. சிரட்டை கவிழ்ந்தது. திரும்ப வார்த்துத் தள்ளினோம். திரும்பவும் கம்பின் மேல்தான் பாய்ந்தது. தூர நின்று வாளியோடு வீசிய தண்ணீரை மண் குடித்தது. ஈர மண்ணை நக்கப் போன சாயம் நாங்கள் அசைந்ததும் நக்குவதை விட்டுவிட்டுக் குரைத்தது. அப்பா சாக்கைப் போர்த்திப் பிடிக்கப் பார்த்தார். முழங்கை கிழிந்து இரத்தம் ஓடியது.

அம்மா மீதியிருந்த அரிசியில் சோறாக்கினாள். "மொத மாதிரி வச்சுக் குடுத்துப் பாரு. மறந்திருக்காது," என்றாள். நான் உருண்டை பிடித்து, கக்கத்தில் வைத்து, மில் வரைக்கும் வெயிலில் நடந்தேன். நன்றாக வேர்த்திருந்தது. சாயத்தின் மூக்குக்கு நேரே போட்டேன்.

அது குரைப்பதை நிறுத்தியது. கழுத்தை நீட்டி முகர்ந்தது. வால் ஒருமுறை அசைந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. பிறகு தும்மிவிட்டு, மூக்கை மண்ணில் தேய்த்துக்கொண்டு பின்னால் போய் நின்றது. உருண்டைக்குள் தூள் இல்லை. அதை அதற்கு எப்படிச் சொல்வது? "சாயம், சாயம்," என்று கூப்பிட்டேன். பல்லைக் காட்டியது.

ஒவ்வொரு நாளும் ஒரு உருண்டை கொண்டுபோனேன். போட்டவை எல்லாம் அதைச் சுற்றிக் காய்ந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தன. குரைத்துக் குரைத்துத் தொண்டை கம்மி, கடைசியில் வாய் மட்டும் அசைந்தது. சத்தம் கேட்காத ஒரு காலையில்தான் என்னால் கிட்டப் போக முடிந்தது. உயிர் இருந்தது. நான் கழுத்தில் கை வைத்தபோது, எழும்ப முடியாமல், உதட்டை மட்டும் தூக்கிப் பல்லைக் காட்டியது. கொளுக்கியைக் கழற்றினேன். வாயில் தண்ணீர் விட்டேன். அது வழிந்து வெளியே வந்தது.

மாரிக்கு முன் எல்லோரும் திரும்பி வந்தீர்கள். மில்காரர் கொட்டிலைத் திறந்து மூட்டைகளைப் பார்த்தார். ஒரு மணியும் குறையவில்லை. பிறகு வெறும் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார்.

"பக்கத்திலதானே கிடந்தனியள்," என்றார் அப்பாவிடம். "ஒரு சிரட்டைத் தண்ணி வைக்க உங்களுக்கு மனம் வரேல்ல, என்ன?"

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முழங்கைத் தழும்பு மேலே தெரிந்தது.

"வச்சிருக்கலாங்க ஐயா," என்றார்.

கொம்பவுண்டரும் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல நாய். நல்லாப் படிச்ச நாய்," என்றார்.

"அதே மாதிரி இன்னொண்டு பாத்துத் தாரும்," என்றார் மில்காரர்.

கொம்பவுண்டர் தெருவில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா நிலத்தைப் பார்த்தார். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு நான் பட்டிக்குப் போனபோது புதிதாக ஒரு தடி சீவி வைத்திருந்தது. பிடியில் துணி சுற்றியிருந்தது.

அந்த நாயும் உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளை, ஒரு காது மடிந்தது. மில்லைக் கடந்து பள்ளிக்கூடம் போகும்போது உங்களில் ஒருவரையும் அது கடித்ததில்லை.